தங்கதுரையின் முட்டி

ஒருவருக்கு எப்போதோ முட்டி வலித்து, தானாகவே நின்றும் போனால் அவர் என்ன ஆவார்? வைத்தியர் ஆவார். ஊருக்கு நாலு பேராவது இந்த இனத்தில் உண்டு.

உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் தங்கதுரை, அதில் முதல் தரம். கிளட்சை மிதித்து மிதித்து அவருக்கு முட்டி வலித்ததும், ஏதோ ஓர் எண்ணெய் தடவிய வாரத்தில் அது நின்றதும், அந்த வாரம் முழுக்க ஜீப் பட்டறையில் கிடந்தது அவருக்கு மட்டும் மறந்துபோனதும் தோட்டமே அறிந்த கதை. அன்றிலிருந்து ஜீப்பில் ஏறும் முட்டியெல்லாம் அவர் முட்டிதான்.

ஏலக்காய் எடுக்கும் மதலேனம்மாளின் மகள் பெர்சி, எட்டாம் வகுப்பு. சில நாளாகப் பள்ளிக்கூடம் போக அம்மாவோடு ஜீப்பில் ஏறும்போது வலது காலை நொண்டி நொண்டி ஏறினாள்.

"எங்கம்மா வலிக்கு?"

"முட்டில மாமா."

போதாதா?

"வளர்ற பிள்ளைக்கு எலும்பு இழுக்கத்தான் செய்யும், மதலேனம்மா. எண்ணெயப் போட்டு நீவிவிட்டு நல்லா நடக்க விடு. ஆஸ்பத்திரிக்குப் போனா ஸ்கேனு, ஊசின்னு அலைய விடுவானுவ."

"ஒருக்கா காட்டிட்டு வந்துரலாம்னு பாத்தேன்ணே."

"எனக்குச் சரியாகலையா?"

இந்தக் கேள்விக்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் பதில் கிடையாது. மதலேனம்மாளும் அன்று சாயங்காலமே எண்ணெய் வாங்கிவிட்டாள்.

எண்ணெய் தீர்ந்தது. முட்டிக்கு உறை வந்தது. வலி மட்டும் போகவில்லை. அதற்கு என்ன அர்த்தம்? எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். ஒரு நாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஜீப்பைவிட்டு இறங்கிய பெர்சி அப்படியே சரிந்தாள். எழுந்திருக்க முடியவில்லை.

தங்கதுரைதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டாக்டரம்மா முட்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு, தொடையை மெல்ல உள்பக்கம் திருப்பினார். பெர்சி அலறினாள். இடுப்பைப் படம் எடுத்தார்கள்.

"முட்டியில ஒண்ணுமில்ல. இடுப்புல தொடை எலும்போட தலை நழுவியிருக்கு. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு அந்த வலி முட்டியில தெரியலாம். காலை ஊனவே கூடாது, உடனே ஆபரேஷன் பண்ணணும். இத்தனை நாளா நடக்கவா விட்டீங்க?"

மதலேனம்மாள் தங்கதுரையைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை காலை நாமே கெடுத்துவிட்டோமே என்று மனிதர் நிஜமாகவே தவித்துப்போனார். ஆபரேஷன் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வராந்தாவில் நின்றார். கால் பிழைத்தது. பழையபடி ஓடுவாளா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

அதோடு தங்கதுரை திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? வராந்தா பெஞ்சில், பைக்கிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து ரத்தம் கசிய உட்கார்ந்திருந்தான் ஓர் இளைஞன். தங்கதுரை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"என்ன தம்பி, முட்டியா? அது முட்டியே இல்லப்பா. இடுப்பு!"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், பெர்சி நொண்டுகிறாள் என்று படித்ததுமே உங்கள் வாய்வரை ஓர் எண்ணெயின் பெயர் வந்து நின்றதே, அது என்ன எண்ணெய்?