ஜெரெபு அக்கா வாங்கிய திட்டு

எங்கள் ஊர் பீடோங்கில் ஜெரெபு அக்காவிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் தெருமுனைப் பிள்ளையார், இன்னொருவர் ஜெராய் மலை. இதில் பிள்ளையாரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கற்பூரம் கொஞ்சம் அதிகமாக எரிந்த ஒரு வெள்ளிக்கிழமை அக்கா சந்நிதி முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்ததை நானே பார்த்தேன். வேண்டுதல் மாதிரித் தெரியவில்லை.

ஜெரெபு என்றால் மலாய் மொழியில் புகைமூட்டம். இந்தப் பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு லோரி அண்ணன். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "வந்தா கண்ணு எரியுது, எப்பப் போகும்னும் தெரியலை லா" என்றார். அதன் பிறகு தெருவில் யாருக்கும் அக்காவின் சொந்தப் பெயர் தேவைப்படவில்லை. அவர் காதில் விழாமல்தான் கூப்பிட்டோம், அல்லது அப்படி நினைத்துக்கொண்டோம்.

அக்கா எங்கள் எதிர்வீட்டில் தனியாக இருந்தார். கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் லேப் வேலை. கைப்பையில் மற்ற பெண்கள் விபூதிப் பொட்டலம் வைத்திருப்பதுபோல இவர் காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருப்பார். ரொட்டிச் சானாய் கடையில் உட்கார்ந்தால் முதலில் அது வெளியே வரும், பிறகுதான் ஆர்டர். ஒருநாள் கல்லுக்குப் பக்கத்தில் அதை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, ரொட்டிக்குக் காய்ச்சல் பாக்குறீங்களா?" என்றான் ரொட்டி போடுகிற தம்பி.

"ரொட்டிக்கு இல்ல, ஒனக்கு வரும். அந்த ஃபேனப் போடு மொதல்ல."

லோரி அண்ணனோடு அவருக்குத் தினசரிப் போர். அண்ணன் விடியற்காலையில் லோரியை முடுக்கிச் சூடேற விட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிப்பார். அது காப்பி முடியும்வரை கரும்புகை கக்கும். அக்கா வேலிக்கு வந்துவிடுவார். ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய்க் கீழேயே கிடக்கும், அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும், அந்த நேரம் விடுகிற புகை மேலே போக வழியில்லை என்று பாடம் நடத்துவார்.

"அப்ப அந்த மூடிய யாரு தொறப்பா?" என்றார் அண்ணன் ஒருநாள்.

"சூரியன். வெயில் ஏறித் தரை சுட்டாத்தான் மூடி தொறக்கும்."

"என் பாஸு இருட்டோட வரச் சொல்றாரு. சூரியன்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்க."

என்னையும் விடவில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் உடம்பைத் தேற்றும் ஆசையில் மதியம் மூன்று மணிக்கு ஓடக் கிளம்பினேன். வானம் கழுவி வைத்ததுபோல் நீலம். அக்கா மோட்டார் சைக்கிளை என் குறுக்கே நிறுத்தினார். "நீலமா இருக்குன்னு ஏமாறாத தம்பி. காலையில இருந்து வண்டிங்க விட்ட புகைய வெயிலு வேக வச்சு வேற வாயுவா ஆக்கி வச்சிருக்கு. கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். சாயங்காலம் ஓடு." வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ஓசோனாம். வானத்து உச்சியில் இருந்தால் குடை, தெருவுக்கு வந்தால் எரிச்சல். எனக்கு அந்த வாயுவும் அக்காவும் ஒரே நேரத்தில் புரிந்ததுபோல இருந்தது.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நினைக்க வேண்டாம். புக்கிட் செலம்பாவ் பக்கம் யாரோ செம்பனை மட்டையை எரிக்கிறார்கள் என்று தூரத்து வெண்புகையைக் குறிவைத்து ஒரு ஞாயிறு காலை மோட்டாரில் விரட்டிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் மீன் குளத்தின் மேல் பனி. குளத்துக்காரர் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் அக்கா மாலதிக்குக் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. நுரையீரல் இன்னும் பலப்படவில்லை, மூச்சைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பேத்தியைத் தங்களோடு பினாங்குக்குக் கொண்டுபோகிறோம் என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். அம்மா விடவில்லை. மூன்று பிள்ளை வளர்த்த கை இது, என் மகளையும் பேத்தியையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று சவால் மாதிரிச் சொல்லிக் கூட்டிவந்துவிட்டார்.

குழந்தை வந்த வாரமே புகைமூட்டமும் வந்தது. ஜெராய் மலை முதலில் மங்கியது, பிறகு காணாமலே போனது. ஜெரெபு அக்கா தன் வீட்டு வாசலில் நின்று, கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது, தென்மேற்குக் காற்று அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று தெருவுக்கே அறிவித்தார். வருவது வெறும் கட்டைப் புகை இல்லையாம். வழியெல்லாம் வெயிலில் வெந்து, மற்ற வாயுக்களோடு கூடி, இன்னும் நுண்ணிய தூசுகளும் சேர்ந்து வருகிறதாம். வாடை குறைந்திருக்கும், ஆபத்து குறைந்திருக்காது.

லோரி அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நம்ம பாட்டன் கப்பலேறி வந்த மாதிரின்னு சொல்லுங்க. ஏறுனது ஒரு ஆளு, எறங்குனது வேற ஆளு."

அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே பெட்டி ஒட்டுகிற டேப் சுருளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. குழந்தைக்குச் சாம்பிராணி போடக் கூடாது என்று முதல் நாளே தடை போட்டவர் அல்லவா. ஆனால் பேத்தியின் மூச்சு என்றதும் அம்மா ஒதுங்கி வழிவிட்டார். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, குளியலறைக் காற்றுத் துவாரம் எல்லாவற்றிலும் டேப். வாசற்கதவின் அடியில் ஈரத்துண்டு. முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டினால் வீட்டை அப்படியே அஞ்சலில் அனுப்பிவிடலாம்.

சில நாள் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு காலை குழந்தை மூச்சுவிடும்போது கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விலா உள்வாங்க ஆரம்பித்தது. மாலதி அழ ஆரம்பித்துவிட்டாள். தெருவில் அந்த நேரம் கார் நின்றது ஜெரெபு அக்கா வீட்டில் மட்டும்தான். ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

அவர் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தார், நின்றார். மோந்து பார்த்தார். கைப்பையிலிருந்து கருவியை எடுத்து ஒரு பார்வை பார்த்தார். வெளியே அத்தனை புகைமூட்டத்திலும் காட்டாத எண்ணை அது எங்கள் வரவேற்பறையில் காட்டியது.

பின்னறை வாசலில் அம்மா நின்றிருந்தார், கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழுந்து வந்தது சாம்பிராணிப் புகை.

தினமும் தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிய கையோடு, கரித்துண்டில் தூவி, மாலதியின் கூந்தலுக்கும் குழந்தையின் தலைக்கும் காட்டியிருக்கிறார். சளி பிடிக்கக் கூடாதே என்ற கவலை. வாசனை வெளியே போனால் எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் முன்பு இருந்தது. டேப் ஒட்டிய பிறகு அந்தப் பயமும் இல்லை. கடல் தாண்டி வந்த புகையை வெளியே நிறுத்திவிட்டு, வீட்டிலே பிறந்த புகையை உள்ளே பூட்டி வைத்திருந்தோம்.

திட்டு வரப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டினேன். வரவில்லை. அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு நேரே வெளியே போனார். யாரும் வெளியே வராதீர்கள் என்று ஒரு வாரமாகத் தெருவையே விரட்டியவர் பச்சைக் குழந்தையோடு புகைமூட்டத்தின் நடுவே நிற்பதை லோரி அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். உள்ளேயிருந்ததற்கு வெளியே எவ்வளவோ மேல். அம்மா சாம்பிராணிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எல்லோரும் காரில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஆவி மருந்து வைத்தார்கள். கீச்சுச் சத்தம் குறைந்து, விலா அடங்கி, அது கொட்டாவி விட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். வீட்டில் யார் புகை பிடிப்பது என்று கேட்டார்.

அம்மாவின் முகம் வெளிறியது. சவால் விட்டுக் கூட்டிவந்த பேத்தி, தகவல் கேட்டுப் பினாங்கிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிற சம்பந்தி. அம்மா வாயைத் திறக்கும் முன் ஜெரெபு அக்கா கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல.

"சாயா, டாக்டர்." நான்தான் என்றார்.

டாக்டர் பிடித்துக்கொண்டார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இப்படியா, உங்கள் வயதுக்கு இது தெரிய வேண்டாமா, புகை சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரியுமா என்று நிறுத்தாமல் கேட்டார். பீடோங்கையே திட்டிய அக்கா தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். முடிவில் சிகரெட்டை விடுவது எப்படி என்ற விளக்கத்தாள் ஒன்றும் கையில் கிடைத்தது. அதை நான்காக மடித்துக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அடக்கியது முழுக்கச் சிரிப்பும் இல்லை.

திரும்பும்போது காரில் அம்மாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"நான் செஞ்சதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"வீட்ட அடைக்கச் சொன்னது நானு. புகை எங்கேருந்து வரும்னு பேசினேனே தவிர, உள்ள என்ன எரியுதுன்னு கேக்கல." சிக்னலில் வண்டி நின்றது. "அதோட, நீங்க சொன்னா சம்பந்தி வீட்டுல ஒங்க பேரு கெட்டுப்போகும். எனக்கு என்ன மாலதியம்மா, ஏற்கெனவே பேரு ஜெரெபுதானே."



மறுநாள் லோரி அண்ணன் லோரியைச் சூடேற விடாமல் கிளப்பிக்கொண்டு போனதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

குழந்தை இப்போது ஓடுகிறது. அக்கா வேலை மாறி ஜித்ராவுக்குப் போய்விட்டார். அறுவடைக்குப் பிறகு அங்கே வயலில் வைக்கோல் எரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா போன் போட்டு, ஜன்னலைச் சாத்து, உள்ளே ஊதுபத்தி கொளுத்தாதே என்று அதட்டினார். அங்கிருந்து ஜெராய் மலை சரியாகத் தெரிவதில்லை என்று அக்கா ஒருமுறை குறைப்பட்டாராம். அன்றிலிருந்து அம்மா தினமும் காலையில் வாசலில் நின்று மலையைப் படம் பிடித்து அனுப்புகிறார். பாதிப் படத்தில் அவர் விரல்தான் இருக்கும். அதற்கெல்லாம் பதில் வராது. மலை மறைந்த நாளில் வெறும் வெள்ளைப் படம் போகும். அதற்கு மட்டும் அடுத்த நிமிடம் போன் அடிக்கிறது.