மாமிக்குப் பிடித்த பூ

விதை முளைத்த கையோடு வாடிப்போனது. கல்முனை வெயில் அதற்குப் பழக்கமில்லை.

அதாவுல்லா பாத்தியருகே குந்தியிருந்து தலையைச் சொறிந்தான். தன் தறியில் நெய்த சாரன்களை விற்க மலைநாட்டுப் பண்டாரவளைக்குப் போனபோது, ஒரு பங்களாச் சமையற்காரர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்ட விதை அது. 'ஃபொகெட் மீ நொட்' என்று பெயர். என்னை மறந்துவிடாதே என்று அர்த்தமாம். அதை மனைவி ஜெமீலாவின் கையில் கொடுத்துவிட்டு அவன் மறந்தே போயிருந்தான். அவள்தான் அடுப்பெரியும் குசினிக்குள் போய்த் தாயோடு கதைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"மச்சான், உம்மாக்கு இந்தப் பூவெண்டா உசிராம். நட்டுத் தரட்டாம்."

மாமியின் மனம் கோணக்கூடாத காலம் அது. மருதமுனையில் அவன் பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போகிறது. அங்கே நிற்கும் அவனுடைய இரண்டு தறிகளும் கலியாணத்துக்கு முன்பு கிளம்பியாக வேண்டும். மாமி வீட்டு முன்னறையில் இடம் கிடைத்தால் பிழைத்தான். இல்லாவிட்டால் தறி விறகுக்குப் போகும், அவன் பிழைப்பும் கூடவே போகும்.

நேரே கேட்கலாமென்றால், மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, மாமி ஹாஜறாவை அவன் அறிந்ததெல்லாம் குசினி வாசலில் தொங்கும் சீலைக்குக் கீழே தெரிகிற இரண்டு பாதங்களாகத்தான். போகிற பேச்சும் வருகிற பேச்சும் ஜெமீலா வழியாகத்தான்.

"தறிக்கு இடம் கேட்டியா புள்ள?"

"முதல்ல பூ பூக்கட்டும் மச்சான். உம்மாட மனம் குளிர்ந்தா மறுகா கேப்பம்."

மிச்ச விதையைப் போட்டு, மேலே தென்னங்கிடுகுப் பந்தல் இறக்கினான். போதவில்லை. குளிர் நாட்டுப் பயிராயிற்றே என்று மீன் லொறிக்காரனிடம் ஐஸ் வாங்கி வந்து பாத்தியைச் சுற்றி அடுக்கினான். மண் நன்றாகக் குளிர்ந்தது. கூடவே சூரை மீன் வாடையும் ஊறியது. விடிந்து பார்த்தால் ஊர்ப் பூனையெல்லாம் பாத்தியில் மாநாடு கூட்டியிருந்தது.

பூனையைத் தடுக்க வலை விரித்தான். வலையில் பூனை விழவில்லை; மாமியின் சிவத்தக் கோழி விழுந்தது. அது வலையையும் பந்தல் காலையும் இழுத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் ஓடியது. மாமி அந்தக் கோழிகளைப் பிள்ளைகள் போல வளர்ப்பவர். சீலைக்குக் கீழே பாதங்கள் அசையாமல் நின்றன.

ஜெமீலா உள்ளே போய்வந்தாள். "கோழியெல்லாத்தையும் எங்கட சாச்சி வீட்ட அனுப்பட்டாம். பூவுக்கு இடைஞ்சலாம்."

"என்ன? கோழியையா?"

"ஓம். கிணத்தடிக் கத்தரியையும் புடுங்கட்டாம். அங்கதானே நல்ல நிழல் இரிக்கி."

கத்தரி பிஞ்சும் காயுமாக நின்றது. பிடுங்கும்போது அவனுக்கே கண் கலங்கியது. கோழியைக் கொடுத்து, கத்தரியைக் கொடுத்து, அப்படி என்னதான் கண்டார் மாமி இந்தப் பூவில்!

மாரி இறங்கியதும் தப்பிப் பிழைத்த செடிகள் பூத்தன. மல்லி விதை பருமனில் நீலப் பூ. மோந்து பார்த்தான், ஒரு வாசமும் இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜெமீலா மட்டும் பின்நேரமெல்லாம் பாத்தியடியிலேயே இருந்தாள். உம்மாவுக்கு விவரம் சொல்லப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

பூ உதிரத் தொடங்கியதும் அவனுக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நாளைக்குமேல் நிலைக்கவில்லை.

"மச்சான், விதை எடுக்கட்டாம். அடுத்த மாரிக்கு வளவு முழுக்கப் போடோணுமாம்."

"யா அல்லாஹ்! முழு வளவுக்குமா?"

முற்றிய விதை தொட்டால் கொட்டிவிடும். பழுப்பேறிய தண்டுகளைப் பார்த்துப் பார்த்து வெட்டி, வெள்ளைச் சாரனில் பரப்பிக் காயவைத்து, மெல்ல உதறினான். எள்ளைவிடச் சின்னதாகக் கறுப்பு விதைகள் பளபளத்தன. காற்று ஒரு வீச்சில் பாதியைக் கொண்டுபோனது. மிச்சத்தை முழங்காலில் ஊர்ந்து பொறுக்கிப் போத்தலில் அடைத்தான். தறிக்காக இதுவும் செய்யலாம், இதற்கு மேலும் செய்யலாம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. தங்கையின் கலியாணத்துக்கு வீடு வெள்ளையடிக்கிறார்கள் என்று தறிகளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஜெமீலா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தம்பி, எங்க இறக்குற? மாடு நிக்கிதில்ல!" என்று வண்டிக்காரர் காலிதீன் சத்தம் போட்டார்.

அதாவுல்லா குசினிச் சீலைக்கு முன்னால் போய் நின்றான். உள்ளே பாதங்கள் தெரிந்தன. மாமியோடு கதைக்கக்கூடாது. வாசற்படியில் ஒரு பூனை படுத்திருந்தது. அவன் பூனையைப் பார்த்துக் கதைத்தான்.

"பூனை, முன்னறையில ரெண்டு தறி போடலாமா எண்டு கேட்டு வந்து எனக்குச் செல்லு. மாமிக்கு ஆசையான பூவ நான் வளவு முழுக்க நட்டுத் தாறன்."



"பூனை," என்றது மாமியின் குரல். "எனக்கென்னத்துக்குப் பூ? மருமகன் பூப்பைத்தியம், மனம் நொந்தா வீட்ட உட்டுப் பெய்த்துருவார் எண்டு எங்கட புள்ள செல்லித்தானே கோழியையும் கத்தரியையும் குடுத்தன்! தறிய மட்டுமில்ல, அந்த மாட்டையும் வேணுமெண்டா முன்னறையில கட்டச் செல்லு. பூ மட்டும் இனி வேணாம்!"

பூனை எழுந்து போய்விட்டது. மாமி தன்னை மறந்து சீலையை விலக்கினார். மாமியும் மருமகனும் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஜெமீலா நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒன்றும் பதறவில்லை. உள்ளே வந்து அவன் கையிலிருந்த விதைப் போத்தலை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"பூ எனக்கு ஆசையெண்டு செல்லியிருந்தா, உங்க ரெண்டு பேர்ல ஆரு ஒரு விதை போட்டிருப்பீங்க?"