தனி வாசல் உள்ள அறை

பட்டியலில் கீழ்த்தள அறைக்கு நேராக இருந்த குவினின் பெயரை யாரோ அழித்திருந்தார்கள். அந்த இடத்தில் ‘அம்மா, அப்பா’ என்று இருந்தது.

பவல் ஏரிக்குக் குடும்பத்தோடு போய் ஐந்து நாள் தங்குவது வருடா வருடம் நடப்பதுதான். வாடகைக்கு வீடு பிடிப்பது, யாருக்கு எந்த அறை, எந்த வேளைக்கு யார் சமையல் என்று எல்லோர் போனிலும் தெரிகிற மாதிரி பட்டியல் போடுவது, எல்லாம் யாராவது ஒருவர் தலையில் விழும். இந்த முறை கடைசி மருமகன் குவின் அதைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஓரெம் நகரத்தில் பல் டாக்டர்களுக்கு நாற்காலி விற்பவன். இதுவரை எதற்கும் கை தூக்கியவன் இல்லை. மாமியார் ஆர்டித்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் கேட்டு வாங்கியதற்குக் காரணம் காப்பி.

அவர்கள் சபையில் காப்பி கூடாது. குவினும் அதே சபையில் பிறந்து வளர்ந்தவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாரப் பயிற்சிக்காக சியாட்டில் போனவன், அங்கே ஒரு கோப்பை குடித்துப் பார்த்தான். அதிலிருந்து தினமும் ஒரு கோப்பை, வேலைக்குப் போகிற வழியில், காருக்குள். மனைவி ஷானாவுக்கு விஷயம் தெரியும். தனக்கு எதுவும் தெரியாது, அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஐந்து நாள் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் போன வருடம் பார்த்தாயிற்று. இரண்டாம் நாளே தலை பிளந்தது. வெயில் தாக்கிவிட்டது என்று ஈரத் துண்டு போட்டார்கள். சபையில் பொறுப்பில் இருக்கும் மூத்த மச்சான் கிம்பல் தலையில் கை வைத்து ஜெபம் செய்தான். குவின் ஐஸ் வாங்கி வருவதாகச் சொல்லி மெல்ல எழுந்து, பெட்ரோல் பங்குக்குப் போய் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு, அரை மணியில் முழு மனிதனாகத் திரும்பி வந்தான். அதற்கடுத்த ஞாயிறு ஆர்டித் சபை முன்னால் நின்று, தன் மருமகன் எழுந்து நடந்ததைச் சாட்சியாகச் சொன்னாள். பாதிப் பேர் அழுதார்கள்.

இப்போது காப்பி வெளியே வந்தால் அந்தச் சாட்சியும் போகும். சாட்சி சொன்னவள் சபையில் தலை நிமிர முடியாது.

அதனால்தான் பேஜ் என்ற ஊரில் அந்த வீட்டைப் பிடித்தான். கண்ணாடிக் கதவைத் திறந்தால் சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே நீல ஏரி. குவின் அந்தப் போட்டோவைத் தாண்டிப் போய்விட்டான். கீழ்த்தளத்தில் ஒரு அறை, அதற்குத் தனி வாசல், உள்ளே சின்ன சிங்க், அதற்குப் பக்கத்தில் பிளக். அந்தப் போட்டோவைத்தான் பெரிதாக்கிப் பார்த்தான். ஷூ பெட்டியில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டிக் காப்பி மெஷினும் வாங்கி வைத்திருந்தான்.

மாமியாருக்குப் போன் போட்டான்.

“அவருக்கு முட்டி வலி மாப்ள. மாடி ஏற முடியாது.”

“அது கீழ்த்தளம் அத்தை. உள்ள போகவே பன்னெண்டு படி இறங்கணும்.”

“இறங்கறது வேற, ஏறறது வேற.” ஆர்டித் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். “போட்டோல சிங்க் பக்கத்துல ஒரு பிளக் தெரியுதே, அது வேலை செய்யுமா?”

குவின் எதற்கு என்று கேட்டான். முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிற மெஷினுக்கு என்றாள்.

ஷானா இதைக் கேட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். “போச்சு. அம்மா மோப்பம் புடிச்சுட்டாங்க.”

குவின் அந்த வீட்டை ரத்து செய்துவிட்டு, தனி வாசல் இரண்டு உள்ள வீடாகப் பிடித்தான். இங்கே கூரைமேல் ஏறி நின்றால் ஏரி தெரியும். மாமனார் மாமியாருக்குப் படியே இல்லாத அறை. தனக்கு கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறை. எழுதிவிட்டுத் தூங்கப் போனான். காலையில் அங்கே நெல்டா பெயர் இருந்தது. நெல்டா ஆர்டித்தின் தங்கை, கணவர் இறந்து மூன்று வருடமாகத் தனிக்கட்டை.

“நான் குறட்டை விடுவேன்ப்பா. எதுக்கு எல்லார் தூக்கத்தையும் கெடுக்கணும்?”

“போன வருஷம் எங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க, சின்னத்தை. சத்தமே கேக்கலையே.”

“இப்பதான் ஆரம்பிச்சிருக்கு.”

காலையில் தன்னை யாரும் வந்து எழுப்ப வேண்டாம் என்றும் எல்லோருக்கும் சொல்லிவிடச் சொன்னாள்.

மூன்றாவது வீட்டில் மூன்று தனி வாசல். ஏரிக்குக் காரில் அரை மணி. அந்த மூன்றாவது வாசல் கிம்பலுக்கு வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்கு இருமலாம். அவன் பொறுப்பில் இருப்பவன், மறுக்க முடியாது. கூடவே ஒரு கேள்வி கேட்டான்.

“ஜன்னல் நல்லா தொறக்குமா மாப்ள? வாடை உள்ளயே நிக்காதுல்ல?”

“என்ன வாடை மச்சான்?”

கிம்பல் கொஞ்சம் யோசித்தான். “டயபர்.”

அன்றிலிருந்து குவின் காரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். சட்டையைத் தினமும் இரண்டு முறை மாற்றினான். ஆர்டித்தின் இரண்டாவது மகள் மெர்லினும் சேர்ந்துகொண்டாள். எல்லோருக்கும் ஒரு வாசல், தான் மட்டும் என்ன தத்து எடுத்த பிள்ளையா என்றாள். அவள் கணவருக்கு ஆபீஸ் போன் வருமாம், சத்தம் ஆகாதாம். மூன்று வருடமாக வேலை இல்லாமல் இருக்கும் மனிதர்.

தனி வாசல் கணக்கு ஐந்தாகிவிட்டது. அப்படி ஒரு வீடு ஏரியைச் சுற்றி எங்கும் இல்லை. நான்கு நாள் தேடியபிறகு, கனாப் என்ற ஊருக்குப் போகிற சாலையில், பாலைவனத்தின் நடுவே ஒரு பழைய மோட்டல் அகப்பட்டது. ஐந்தே அறை, ஐந்து வாசல். ஒவ்வொன்றிலும் கட்டில், சிங்க், ஒரு பிளக். ஏரிக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூரைமேல் ஏறினால் இன்னொரு மலை தெரியும்.

மெர்லின் அதற்குள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் அடித்து வைத்திருந்தாள். நெஞ்சில் ஏரிப் படம்.

ஞாயிறு சபை முடிந்து மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். ‘துக்க வீட்டு உருளைக்கிழங்கு’ என்று பெயர் வைத்துக் கல்யாணத்துக்கும் சமைக்கும் அந்த வெண்ணெய்ப் பதார்த்தம் நடுமேஜையில் இருந்தது. குவின் எழுந்து நின்று மோட்டலைப் பற்றிச் சொன்னான். ஏரி தெரியாது என்பதையும் சொன்னான். திட்டு விழும், பயணம் நின்றுபோகும், வீட்டிலேயே இருந்து நிம்மதியாகக் காருக்குள் குடிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

“அஞ்சு ரூமுக்கும் தனித்தனி வாசலா?” என்று கேட்டார் மாமனார் லவெல். அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

“ஆமா மாமா.”

“அப்ப அதையே போட்டுடு.”

ஒருவரும் மறுக்கவில்லை. ஏரி என்ன ஏரி, தண்ணிதானே, பார்த்ததுதானே என்றாள் நெல்டா. ஒரு நிமிடத்தில் முடிந்தது. இந்தக் குடும்பத்தில் சாப்பாட்டு ஜெபமே அதைவிட நேரம் பிடிக்கும்.

பிறகு கிம்பல் ஒன்று சொன்னான். தூரம் அதிகம், ஆகவே இரண்டே வண்டி போதும். மூட்டை முடிச்செல்லாம் அவனுடைய டிரெய்லரில். ஏற்றும்போது ஆர்டித் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பட்டியலோடு சரிபார்ப்பாள்.

சட்டென்று எல்லோரும் உருளைக்கிழங்கைப் பார்த்தார்கள். குவின் ஷூ பெட்டியை நினைத்துக்கொண்டான்.

திரும்பும்போது காரில் ஷானா சொன்னாள்: “உன்னைப் புடிக்கத்தான் இவ்வளவும். அஞ்சு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.”

“தலைவலி வந்தா கிம்பல் மறுபடி ஜெபம் பண்ணுவான். உங்கம்மா மறுபடி சாட்சி சொல்லுவாங்க.”

ஷானா ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

மறுநாள் மத்தியானம், ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, குவின் மோட்டல் சொந்தக்காரி வில்லா பெகேயைக் கூப்பிட்டான். குடும்பப் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் லேசாக இருமினாள்.

“மூணாம் நம்பர் ரூம் எனக்கு” என்றான் குவின். குரல் அவனுக்கே கேட்கவில்லை. “அதுல ஒரு காப்பி மெஷின் வைக்க முடியுமாம்மா? துணி போட்டு மூடி வெச்சாப் போதும். எங்க வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா எங்க மாமியாருக்கு.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“தம்பி, நீங்க அஞ்சாவது ஆள். எங்கிட்ட மெஷின் நாலுதான் இருக்கு. உங்க மாமியார்கூடப் பங்கு போட்டுக்கறீங்களா?”