பின்னலால் எழுதிய இளவரசிக்குப் பரிசு கொடுத்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தங்களின் அரண்மனைத் தொடரை விளம்பரம் உட்பட விடாமல் பார்த்துவரும் ஓய்வுபெற்ற தேர்வறை மேற்பார்வையாளன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் உங்கள் நடிகர்களும் வாடகைக் கிரீடங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நானும் நலமே. பேச்சுத் துணைதான் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நேற்றைய அழகெழுத்துப் போட்டியைப் பற்றியே இந்தக் கடிதம். விதியை முரசறைந்து சொன்னது நீங்கள்தான்: அரண்மனை கொடுத்த தூரிகையால்தான் எழுத வேண்டும், மைக்கூட்டைக் கவிழ்த்தவர் எழுந்து போய்விட வேண்டும். ஆண்வேடத்தில் வந்த இளவரசி மைக்கூட்டைக் கவிழ்த்தாள். எழுந்து போனாளா? தலைப்பாகையை அவிழ்த்தாள், பின்னல் விழுந்தது, அதன் நுனியைத் தரையில் ஓடிய மையில் தோய்த்து எழுதவே ஆரம்பித்துவிட்டாள்! ஆள்மாறாட்டம், அனுமதியில்லாத எழுதுபொருள், கவிழ்ந்த மை, எல்லாம் ஒரே பெண்ணிடம். என் தேர்வறையாக இருந்தால் தாளைப் பிடுங்கி வெளியே அனுப்பியிருப்பேன். உங்கள் ராஜாவோ ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். பக்கத்தில் ஒரு முதிய எழுத்தர் ஒரு சொட்டு சிந்தாமல் எழுதி முடித்துவிட்டு, யாராவது வந்து பார்ப்பார்கள் என்று உட்கார்ந்தே இருந்தார். கேமராகூட அந்தப் பக்கம் போகவில்லை.

இதற்கு ஏன் இந்த ஆள் இப்படிக் குதிக்கிறான் என்று நினைப்பீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். என் மனைவி பேத்தி பிறந்த சமயம் கடல் கடந்து மகன் வீட்டுக்குப் போனவள். அந்தப் பேத்தி இப்போது சோபாமேல் ஏறிக் குதிக்கிறாள், இவள் இன்னும் திரும்பவில்லை. இங்கே நானும் ஃபிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது உறுமுகிறது. தினமும் தொடர் முடிந்ததும் போன் வரும். நான் காட்சி காட்சியாக அலசுவேன், அவள் “அப்புறம்?” என்பாள். போன வாரம் அவளாகவே ஒரு பந்தயம் கட்டினாள். “அந்தக் கெழவர் ஜெயிச்சா உடனே கெளம்பி வந்துடறேன். இளவரசி ஜெயிச்சா பேத்தி பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும் இங்கதான். சரியா?” விதி நம் பக்கம் இருக்கிறது என்ற தெம்பில் சரி என்றேன். மெத்தையை வெயிலில் போட்டேன். அவள் தலையணைக்கு உறைகூட மாற்றினேன்.

நேற்று போன் வந்ததும் இளவரசி ஜெயித்ததை நானே என் வாயால் சொன்னேன். அவள் “அப்புறம்?” என்று கேட்கவில்லை. “சரிங்க, அப்ப இருக்கேன்” என்று வைத்துவிட்டாள்.

ஆகையால் ராஜாவுக்குக் கனவிலாவது புத்தி வரவழைத்து, மறுமதிப்பீடு செய்து, பரிசை எழுத்தருக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் மனைவி மக்களோடு, ஒரே வீட்டில், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
விதி மீறாத நேயர்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டும் முன், நியாயம் கேட்கலாமே என்று மருமகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். “மாமா, இங்க அந்த சேனலே வராது. அத்தை அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. நீங்க சொல்றதைக் கேக்கத்தான் கூப்பிடறாங்க” என்றாள். போன் கைமாறியது. “பாக்காமலா பந்தயம் கட்டினே?” என்று கேட்டேன். “கெழவர் ஜெயிச்சிட்டாருன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேங்க. பெட்டியைக்கூட எறக்கி வெச்சேன்” என்றாள் என் மனைவி.

அப்போதாவது கிளம்பி வா என்று சொல்லியிருக்கலாம். “நாளைக்கும் கதை இருக்கு, கூப்பிடு” என்றுதான் சொன்னேன். எனவே ஐயா, தீர்ப்பை மாற்ற வேண்டாம். தயவுசெய்து சீக்கிரம் இன்னொரு போட்டி வையுங்கள். யார் வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், முடிவை நான் சொல்லிக்கொள்கிறேன்.