கரடிக்கு ஒரு நட்சத்திரம்

"எவன் அவன்? அட்ரஸ் கிடைக்குமா?" என்றார் மாஸ்டர், வாயில் கவளத்தோடு.

அண்ணன் மகள் சாப்பிடவில்லை. தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ விளம்பரம் வரைகிறாள் என்றுதான் அதுவரை வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறார்கள். போன வாரம் வெளியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் அதன் சராசரி நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே இறங்காமல் இருந்தால் இரண்டாம் பாகம் உண்டு. இறங்கினால் மூன்று பேருக்கும் வேலை கிடையாது.

"அட்ரஸ் எல்லாம் கிடையாது சித்தப்பா. புனைபெயர்ல எழுதறான். ஒத்தை நட்சத்திரம் குடுத்திருக்கான். அதைப் படிச்சுட்டு ஊரே சிரிக்குது."

"அப்படி என்னத்தை எழுதிட்டான்? படி பாப்போம்."

அவள் போனை எடுத்துப் படித்தாள்.

"'வீடு வரைக்கும் என்ற இந்த விளையாட்டில் நாம் கார் ஓட்டி ஆட்களை அவரவர் வீட்டில் விட வேண்டும். அதுவரை சரி. ஆனால் பக்கத்து இருக்கையில் ஒரு கரடி உட்கார்ந்திருக்கிறது. அது வாயை மூடுவதே இல்லை. ஓட்டுகிறவரை ஓட்ட விடுவதில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்து ஒழுங்காக நிறுத்தினால் பரிசாகப் பாதி பிஸ்கட் தருகிறது. மீதி வீடு வந்து சேர்ந்ததும் என்கிறது. இப்படி ஒரு கஞ்சக் கரடியை நான் கண்டதில்லை. இது மாதிரி ஒரு ஆளோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். இப்படிக்கு, ஓரமாப்போ.'"

மாஸ்டரின் மனைவிக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மாஸ்டருக்குக் கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. ஏனென்றால் அந்த ஓரமாப்போ அவர்தான்.

அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தார். ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே, நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து போனில் விளையாடுவார். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. எந்த விளையாட்டையும் முடித்ததில்லை. முடிக்காமல் விமர்சிக்கலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, 'பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல ஊர் முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை' என்று பதில் போட்டவர்.

ஒவ்வொரு வகை விளையாட்டைப் பற்றியும் அவருக்கு உறுதியான கருத்து உண்டு. ரேஸ் விளையாட்டுகளுக்கு ஒரு நட்சத்திரம். 'நான் வளைவில் வழிவிட்டேன். அத்தனை பேரும் ஹாரன்கூட அடிக்காமல் முந்திப் போனார்கள். ஒருவரிடமும் லைசென்ஸ் இருக்கிற மாதிரி தெரியவில்லை.' துப்பாக்கி விளையாட்டுகளுக்கு இரண்டு. 'எதிரி யார், என்ன பிரச்சினை என்று விசாரிப்பதற்குள் செத்துவிடுகிறேன்.' பேய் விளையாட்டுகளைப் பற்றி, 'வீட்டுக்குள் நுழைந்ததும் லைட் ஸ்விட்ச் எங்கே என்று காட்டிவிட்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்' என்று எழுதினார். விவசாய விளையாட்டுகள்தான் அவருக்கு உயிர். அதற்கும் நான்குதான் கொடுத்தார். கேரட் ஐந்து நிமிஷத்தில் விளைந்துவிடுகிறது என்பதற்காக ஒன்றைக் குறைத்துக்கொண்டார்.

அந்தக் கார் விளையாட்டு அவர் போனில் ஒரு நாள் தானாக முளைத்திருந்தது. கூப்பிடாமல் வந்து உட்காருகிற எதுவும் அவருக்கு ஆகாது. கொஞ்ச நேரம் ஆடினார். கரடியோடு வாய்ச்சண்டை போட்டார். எழுதிவிட்டார்.

இப்போது எதிரே உட்கார்ந்திருந்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"விடும்மா, யாரோ வேலையில்லாதவன்," என்றார் மாஸ்டர், தன்னைப் பற்றி.

மறுநாள் காலை முதல் வேலையாக, காரில் உட்கார்ந்தபடி விமர்சனத்தை மாற்றினார். நட்சத்திரம் ஐந்து. 'முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். உலகத்திலேயே சிறந்த விளையாட்டு இதுதான். கரடி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கது. அது இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் நன்றாக இருக்கும்.' பாவம் கழிந்தது என்று பெருமூச்சு விட்டார்.

மத்தியானம் வகுப்புக்கு வந்த பல் டாக்டர் சிக்னலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் வண்டி நின்றுபோயிற்று. டாக்டருக்கு வண்டியை முன்னால் ஓட்டவே இன்னும் சரியாக வரவில்லை. பின்னுக்கு எடுக்கும் பாடத்துக்கு அவர் வந்து சேர எப்படியும் நாளாகும்.

"கிளட்ச், டாக்டர், கிளட்ச். என்ன சிரிப்பு?"

"ஓரமாப்போன்னு ஒரு ஆளு மாஸ்டர். 'இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் நன்றாக இருக்கும்'னு எழுதியிருக்காரு. பேஷண்ட் வாயில மெஷினை வெச்சுக்கிட்டே சிரிச்சுட்டேன்."

"அவர் நிஜமாவே பாராட்டியிருப்பாரு."

"நிஜமாவா? ரேஸ் கேம்ல யாருக்கும் லைசென்ஸ் இல்லைன்னு புகார் எழுதின ஆளு மாஸ்டர் அவரு. பெரிய காமெடியன். புகழ்ற மாதிரி குத்துவாரு பாருங்க, அதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு."

சாலைப் பாதுகாப்பில் அக்கறையுள்ள பெருங்கூட்டம் ஒன்று தன் பின்னால் நிற்கிறது என்று இத்தனை வருஷமாக மாஸ்டர் நம்பியிருந்தார். அத்தனையும் சிரிக்க வந்த கூட்டம் என்பது, பின்னால் ஹாரன்கள் அலற, அந்தச் சிக்னலில்தான் அவருக்குத் தெரிந்தது. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

வலியைப் பார்த்தால் ஆகுமா? சாயங்காலம் இன்னொன்று எழுதினார். 'நான் கிண்டல் செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். எனக்கு நகைச்சுவையே வராது. வேண்டுமானால் என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.'

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் ரசித்தது அதைத்தான். அத்தோடு ஒரு புது வழக்கமும் பிறந்தது. கரடிக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதுவது. சின்னப் பிள்ளைகள் முதல் பல் டாக்டர் வரைக்கும் அதைச் செய்தார்கள். சராசரி மளமளவென்று இறங்கியது.

வியாழக்கிழமை மாஸ்டர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். சாலைக் குறியீடுகள் மாட்டிய வகுப்பறையில் மாணவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து, எல்லார் போனையும் வெளியே எடுக்கச் சொன்னார்.

"அஞ்சு நட்சத்திரம் போடுங்க. நான் சொல்றதை எழுதுங்க. 'விளையாட்டு நன்று. கரடி நன்று. சாலை விதிகள் நன்று.' எழுதியாச்சா?"

"மாஸ்டர், இது பரீட்சைல வருமா?" என்று கேட்டார் ஒரு தையல்காரர்.

"வரும். எழுதுங்க."

ஒரே அறையிலிருந்து, ஒரே நேரத்தில், எழுத்துப் பிசகாமல் ஒரே விமர்சனம் வரிசை கட்டிப் போய்ச் சேர்ந்தது. அந்த விமர்சனத் தளம் அவ்வளவையும் அழித்துவிட்டு, விளையாட்டின் நெற்றியில் சிவப்பாக ஓர் அறிவிப்பை ஒட்டியது. போலி விமர்சனங்கள் வருவதாகச் சந்தேகமாம், வாங்குகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம்.

அன்று அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆள் வெச்சு எழுத வெச்சியான்னு எங்க கம்பெனி மேடம் கேட்டாங்க. நாளைக்குக் காலைல வந்து பதில் சொல்லணும். நட்சத்திரம் போனாப் போகுது சித்தப்பா. என்னைத் திருடின்னு நினைச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அந்தக் கரடியை எவ்ளோ ஆசையா பண்ணினேன் தெரியுமா?"

அண்ணனும் அண்ணியும் வேலைக்காக வெகுதூரம் போனபோது, படிப்பு கெடக்கூடாது என்று அவளை இங்கே விட்டுப் போனார்கள். பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்ற குழந்தை யாரோடும் பேசவில்லை. மாஸ்டர்தான் அவளை டிரைவிங் ஸ்கூல் காரில் தூக்கி உட்கார வைத்து மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார், தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான் என்பதால். 'பிரேக் எங்க சித்தப்பா?' என்பதுதான் அந்த வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை. அவருக்குப் பிள்ளை இல்லாத குறை அன்றோடு தீர்ந்தது.

"நாளைக்கு நானும் வரேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூல் காரை அவள் ஓட்ட, மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உடம்பு சரியில்லையா சித்தப்பா?" என்றாள் பாதி வழியில்.

"ஏன்?"

"மூணு சிக்னல் தாண்டியாச்சு. நீங்க ஒண்ணுமே சொல்லலை."

மாஸ்டர் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

மேடத்தின் அறையில் உட்காரச் சொன்னபோதும் மாஸ்டர் உட்காரவில்லை. நின்றபடி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். முதல் விமர்சனம், இரண்டாவது, சத்தியம், தையல்காரர் வரைக்கும்.

"தப்பு பூரா என்னுது மேடம். இவளுக்கு எதுவுமே தெரியாது. தண்டனை ஏதாவது இருந்தா என் லைசென்ஸை வேணா எடுத்துக்குங்க."

அண்ணன் மகளைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மேடம் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க இவளோட சித்தப்பாவா? டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கிறவர்?"

"ஆமா."

"நீங்களேவா கரடிக்கு ஒரு நட்சத்திரம் குடுத்தீங்க?"

"புத்தி கெட்டுப்போய்க் குடுத்துட்டேன் மேடம். அது பாட்டுக்கு என் போன்ல வந்து உட்கார்ந்திருந்துது."

"நான்தான் போட்டு வெச்சேன் சித்தப்பா," என்றாள் அண்ணன் மகள் மெல்ல. "நீங்க ஆடிப் பாப்பீங்கன்னு."

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சிடும்மா. நான் சரியாப் பாக்கலை," என்றார்.

மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அந்தத் தளத்துக்கு அவரே எழுதிச் சிவப்பு அறிவிப்பை எடுக்கச் சொல்வதாகச் சொன்னார். மாணவர்கள் உண்மையான ஆட்கள்தானே, மாஸ்டர் ஒரு கடிதம் கொடுத்தால் போதுமாம்.

"நட்சத்திரம் இறங்கினது இறங்கினதுதான். ஆனா நான் இன்னொண்ணையும் பாத்தேன். சிரிக்க வந்தவங்க ஒருத்தரும் விளையாட்டை அழிக்கலை. தினமும் வந்து கரடிகிட்டத் திட்டு வாங்கிட்டுத்தான் போறாங்க. வாங்காம இருக்க முடியலைன்னு எழுதறாங்க. ரெண்டாம் பாகம் பண்ணலாம்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே வாயும் வந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷம் மேடம். ஒரே ஒரு யோசனை. ரெண்டாம் பாகத்துல அந்தக் கரடியை மட்டும் எடுத்துடுங்க. மனுஷன் தாங்க மாட்டான்."

மேடம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அண்ணன் மகள் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரடி இல்லாம எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது சித்தப்பா."

விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று மாஸ்டர் விட்டுவிட்டார்.

கீழே வந்தபோது வாட்ச்மேன் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெரிய லாரி ஒன்று உள்ளே வருகிறதாம், காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து அந்தத் தூண் ஓரமாக விட வேண்டுமாம். இடம் குறுகல். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாஸ்டர் பக்கத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடியைப் பாரு. அந்தக் கண்ணாடி இல்ல, இந்தக் கண்ணாடி. அவசரம் வேண்டாம், தூண் எங்கேயும் ஓடிடாது. ஒடி, ஒடி, இப்ப நேர் பண்ணு. யாரு உனக்கு இவ்ளோ கிளட்ச் விடச் சொன்னது? வாட்ச்மேன், நீங்க பின்னாடி நின்னா இவ எப்படி வருவா, ஓரமாப் போங்க. வரலாம், வரலாம், இன்னும் வரலாம், போதும்."

ஒரே எடுப்பில் கார் தூணோரம் அச்சாகப் போய் நின்றது. மாஸ்டர் தலையை ஆட்டினார். டேஷ்போர்டைத் திறந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். அதிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, கவனமாக இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அவளிடம் நீட்டினார்.

"மீதி, வீடு வந்து சேந்ததும்."

அவள் சிரித்துக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். வாட்ச்மேன் ஜன்னல் பக்கம் குனிந்து மாஸ்டரை உற்றுப் பார்த்தார். அவர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டையும் பார்த்தார்.

"சித்தப்பாவைப் பாத்துத்தான் கரடியை வரைஞ்சேன்னு நீ சொன்னப்ப நான் நம்பலைம்மா. ரோமம் ஒண்ணுதான் பாக்கி."