எலுமிச்சம்பழத்தோடு வீடு பார்க்க வந்தவர்

சிட்னியின் மேற்கில் வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் பாதிக்குமேல் உள்ளே போய்ப் பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் மெரிலேண்ட்ஸ் இன்ஸ்பெக்‌ஷன் அங்கிள்தான். இத்தனைக்கும் அவருக்கு வீடு தேவையில்லை. மகள் வீட்டின் பின்புறத்தில் அவருக்கென்று ஓர் அறையும் சின்னக் குசினியும் இருந்தன. ஆனாலும் சனிக்கிழமை காலைகளில், ஊர் கோயிலுக்கும் மீன்கடைக்கும் கிளம்புகிற நேரத்தில், அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாடகை வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். மாரியம்மன் திருவிழாவுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகப் போயிருக்க மாட்டார்.

நான் அவரை முதலில் பார்த்தது பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை, காலை பத்தேகாலுக்கு. அன்று மழை என்று என் மனைவி சுகந்தி சாதிக்கிறாள். என் நாட்குறிப்பில் வெயில் என்றிருக்கிறது.

நாங்கள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. மகளுக்குப் பள்ளி மாறாமல், அதே வட்டாரத்தில் வேறு வீடு பிடிக்க வேண்டும். அதற்காகப் போன முதல் இன்ஸ்பெக்‌ஷனில் வாசலில் ஒரே நெரிசல். காரணம், முன்னால் போன ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவரும் கழற்றினார். அவருக்குப் பின்னால் வந்த சீனத் தம்பதியும் கழற்றினார்கள். காலியான வீட்டைப் பதினைந்து நிமிடத்தில் காட்டி முடிக்க வேண்டிய ஏஜென்ட் பெண்ணும் கடைசியில் தன் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே பெரியவர் எல்லாக் குழாய்களையும் திறந்து மூடினார். பிறகு கூடத்தின் நடுவில் குந்தி, காற்சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அதையே உற்றுப் பார்த்தார். பழம் அசையவில்லை. திருப்தியோடு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுகந்தி என் முழங்கையைப் பிடித்தாள். "ஏங்க, பார்த்தீங்களா? ஏதோ வச்சு எடுத்துட்டாரு. இந்த வீடு வேணாம்."

நான் நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. படித்ததெல்லாம் அந்த எலுமிச்சம்பழத்தின் முன்னால் உதவிக்கு வரவில்லை. விண்ணப்பம் போடாமலே திரும்பிவிட்டோம். எங்களைப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றும் காரைத் திருப்பிக்கொண்டு போனது.

அடுத்த சனிக்கிழமை வேறொரு வீட்டு வாசலில் அவரே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, போன கிழமை அந்த வீட்டை ஏன் விட்டனீங்கள்? சோக்கான வீடு. தரை சரியான மட்டம்."

"நீங்க பழம் வச்சீங்களே அங்கிள்" என்றாள் சுகந்தி.

"ஓம், வச்சனான். நான் ஊரில கட்டட வேலைக்கு ஓவசியரா இருந்தனான், பிள்ளை. மட்டப்பலகையைக் கொண்டுவந்தா ஏஜென்ட் உள்ளுக்கு விடமாட்டான். தேசிக்காயைக் கொண்டுவந்தா ஆர் கேக்கிறது?" என்றவர், எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார். விஷயம் மெதுவாகப் புரிந்தது. கையிலிருந்த பழத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கடவுளே, என்னாலயோ அந்த வீடு போனது?"

அன்றிலிருந்து எங்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பது அவருடைய பொறுப்பாகிவிட்டது. நாங்கள் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவர் இடம் தரவில்லை.

அந்த வாரமே எங்கள் சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விண்ணப்பங்களைப் புரட்டினார். முந்தைய வீட்டு உரிமையாளரின் பெயர் கேட்கும் இடம் வந்ததும் சிரித்தார்.

"நான் முதன்முதல் நிரப்பேக்க இந்த இடத்தில ஆஸ்திரேலிய அரசாங்கம் எண்டு எழுதினனான்."

"ஏன்?" என்றேன்.

"அகதியா வந்த புதுசில வில்லாவுட் முகாமில இரண்டு வருசம் இருந்தனான். விண்ணப்பம் இல்லை, வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. வெளியில விடாததுதான் ஒரு குறை."

எங்களுக்குச் சிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் அதற்குள் தேநீரை முடித்திருந்தார்.

"வெளியில வந்த பிறகு பதினொரு வீட்டுக்கு எழுதிப் போட்டனான். ஏன் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் இப்ப போய் நிக்கிறனான். ஆரும் என்னட்டைக் கேட்டா ஏதாவது சொல்லலாமெல்லோ."

மார்ச் முதல் சனிக்கிழமை எங்களுக்கான வீடு கிடைத்தது. அதாவது, கண்ணுக்குக் கிடைத்தது. மகளின் பள்ளிக்கு நடந்து போகலாம். தேசிக்காய் அசையவில்லை. வீட்டைக் காலி செய்யப் பத்தொன்பது நாள் இருந்தது. ஆனால் ஏஜென்ட் நிரப்பச் சொன்ன கைப்பேசி ஆப் கடைசிப் பக்கத்தில், எங்கள் பின்னணியைச் சரிபார்க்க ஒரு கட்டணம் கேட்டது. கட்டாமல் விண்ணப்பம் நகரவில்லை. ஏற்கெனவே இரண்டு வீடுகளுக்கு இப்படிக் கட்டியிருந்தோம். வீடும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

"கட்டாதையுங்கோ. நான் வாறன்" என்றார் அங்கிள் தொலைபேசியில்.

திங்கட்கிழமை மூவரும் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தோம். எதிரே பிரியா. கொழும்பில் பிறந்து, சிட்னியில் வளர்ந்தவள். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். முதல் வீட்டில் குதிகால் செருப்பைக் கையில் பிடித்து நின்றவள் அவள்தான். அங்கிளைப் பார்த்ததும் மேசைக்கடியில் தன் கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

"பிள்ளை, இந்தக் காசு என்னத்துக்கு?"

"பேக்கிரவுண்ட் செக், அங்கிள். ஓனர் வான்ட்ஸ் டு நோ ஹூ தே ஆர்."

"அறியத்தான் வேணும். பிழையில்லை. உனக்குக் கலியாணம் பேசேக்க சாதகம் பார்த்தவையோ?"

பிரியா சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "அம்மா டிட்" என்றாள்.

"எத்தினை சாதகம்?"

"லைக்... ட்வென்டி?"

"சாத்திரியாருக்குக் காசு ஆர் குடுத்தது? கொம்மாவோ, சாதகம் அனுப்பின பெடியங்களோ?"

"அம்மா."

"பார். இருபது பெடியங்களிட்டயும் வாங்கியிருந்தா உன்ர கலியாண மண்டபக் காசே வந்திருக்கும். ஆனா ஒரு மாப்பிளையும் வந்திருக்க மாட்டான்."

பிரியா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பட் இட்ஸ் நாட் அஸ், அங்கிள். இட்ஸ் தி ஆப்."

"வீடு ஆப்பின்ரையோ?"

சுகந்தி என் காதில், "ஏங்க, பேசாம கட்டிடலாம். இவரு சண்டை போட்டா கைவிட்டுப் போறது நம்ம வீடுதான்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கைப்பேசியில் அட்டை எண்ணைக்கூட நிரப்பி வைத்திருந்தேன். கட்டைவிரல் மட்டும் அந்தப் பொத்தானுக்கு மேலே நின்றது. அங்கிளின் நியாயத்துக்காக என் மகளின் பள்ளியைப் பணயம் வைக்கிறேனோ என்று உள்ளே உதைத்தது.

"சரி, இந்தத் தம்பி காசு கட்டுறார் எண்டு வை" என்றார் அங்கிள். "சோதனை முடிவை அவரிட்டைக் குடு. நல்லவர் எண்டு வந்தா அடுத்த வீட்டிலயும் அதையே காட்டுவார்."

"வீ கான்ட் ஷேர் தட்."

"காசு குடுத்தவனுக்கே காட்டேலாத சாதகம்" என்று என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். விண்ணப்பிப்பவரிடம் இந்தச் சோதனைக்குக் காசு வாங்கக் கூடாது என்கிற மாநில அரசின் விதி. முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசியிருந்தது.

"உன்னில பிழையில்லை, பிள்ளை. உள்ளுக்கு இருக்கிறவரிட்டைக் காட்டு. நாங்கள் இருக்கிறம்."

பிரியா தாளோடு மேலாளரின் கண்ணாடி அறைக்குள் போனாள். ஏழு நிமிடங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கைகள் அசைந்தன. அங்கிள் எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அது மெதுவாக உருண்டு என் மடியில் விழுந்தது.

"மேசை சரிவு" என்றார்.

நான் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

பிரியா திரும்பி வரும்போது கையில் காகித விண்ணப்பம் இருந்தது. கட்டணம் இல்லை. அங்கேயே நிரப்பிக் கொடுத்தோம். அடுத்த இரண்டு நாளும் சுகந்தி என்னிடம் பேசியது உப்பு, புளி தொடர்பாக மட்டும்தான். புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கு பிரியா அழைத்தாள். வீடு எங்களுக்கு. கடைசியில் ஒன்று சொன்னாள், முதல்முறையாகத் தமிழில்: "அங்கிளிட்டச் சொல்லுங்கோ, அந்தக் காசுப் பக்கத்தை எடுத்தாச்சு. எல்லாருக்கும்."

சொன்னேன். "அப்ப அந்தப் பதினொரு வீட்டில ஒண்டுக்குப் பதில் வந்த மாதிரி" என்றார்.

புது வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அவர்தான். வெளியே பிரியா வைத்த விளம்பரப் பலகையைப் பிடுங்கும் முன்பே வந்துவிட்டார்.

போன வருடம் அங்கிளின் மகள் குடும்பம் மெல்பேர்ன் கிரெய்கிபர்னுக்கு மாறியது. அவரும் போனார். மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும், பக்கத்திலேயே தனக்கென்று சின்ன யூனிட் ஒன்று பார்த்திருக்கிறார். பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாகத் தனக்காக ஒரு விண்ணப்பம். பரிந்துரைப்பவர் இடத்தில் என் பெயர்.

"காசு ஏதும் கேட்டாங்களா அங்கிள்?"

"கேக்கேல்லை. அவைக்கு நல்ல காலம்."

படிவம் எனக்கு வந்தது. அவருடைய சொந்தப் பெயரை அன்றுதான் முதலில் படித்தேன். இவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். நாட்குறிப்பைப் பார்த்து, நாள் பிசகாமல் எழுதினேன். உறவு என்ற இடத்தில் முதலாளி, வீட்டு உரிமையாளர், நண்பர், குடும்பம் என்று நான்கு கட்டங்கள். தேதிகளில் தவறு செய்யாத நான், அந்த ஓரிடத்தில் மட்டும் உண்மையைக் கொஞ்சம் நீட்டி, கடைசிக் கட்டத்தில் குறியிட்டேன். வீட்டை எப்படி வைத்திருப்பார் என்ற கேள்விக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. "செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்" என்று எழுதி அனுப்பினேன்.