கூவலுக்கு உரியவர்கள்

ஆற்றோரம் முழுக்கக் குன்றுகளாக நின்ற கூவல்நாட்டில், ஜனங்கள் ஒருவரையொருவர் கூவித்தான் அழைத்தார்கள். குன்றுக்கு ஒரு கூவல். அதற்காக யாரும் யாருக்கும் எதுவும் தரவில்லை. இப்படியிருந்தால் ஒரு நாடு உருப்படுமா?

அரசர் குழு அமைத்தார். குழு கூடி, நாடு முழுமைக்கும் ஒரே பொதுக்கூவலை அறிவித்தது: மேலே எழும்பும் ஓர் 'ஊ', இழுத்து இறங்கும் ஓர் 'ஓ'. பழைய கூவல்கள் தடை செய்யப்பட்டன. ஜனங்கள் தொண்டை கட்டும்வரை பழகினார்கள். நன்றாகப் பழகி, பழையதை மறந்தும் போன பிறகு, அதே குழுவில் உட்கார்ந்திருந்த இரண்டு மாளிகைக்காரர்கள் எழுந்தார்கள். 'ஊ' எங்கள் கண்டுபிடிப்பு என்றது மேல்மாளிகை. 'ஓ' எங்களுடையது என்றது கீழ்மாளிகை.

ஓசைத்துறை அமைச்சர் முழங்கினார்: "கண்டுபிடித்தவர்களுக்குக் கூலி வேண்டாமா? ஆனால் இது ஏழைகளின் அரசு. கட்டணம் நியாயமாக, அளவாக, பாரபட்சமின்றி இருக்கும்!"

அவருடைய அளவு இதுதான்: மாட்டைக் கூவி அழைத்தால், கட்டணம் கூவலுக்கு இல்லை, மாட்டில் ஒரு பங்கு. கல்யாணத்துக்குக் கூவினால் பந்தியில் பங்கு. காதில் வாங்கவும் தனி அனுமதி. அது இல்லாதவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் 'ஊ' பெரிதா 'ஓ' பெரிதா என்று மாளிகைகள் வழக்குக்குப் போயின. தீர்ப்பு வரும்வரை யாரும் கூவக்கூடாது என்றது நீதிமன்றம்.

தடை இருந்த அந்த மழைக்காலத்தில்தான் மேட்டுக்குன்றுக் காத்தாயி, ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். கீழே பள்ளத்தூரில் அவள் தங்கை பொம்மி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். காத்தாயி அனுமதிச் சாவடிக்கு ஓடினாள்.

"ஐயா, வெள்ளம் வருது! ஒரே ஒரு தடவ கூவிக்கிறேன்."

"ரெண்டு மாளிகையும் கையெழுத்துப் போடணுமேம்மா. கேஸு நடக்குது," என்றார் அதிகாரி.

"கேஸு முடியிற வரைக்கும் தண்ணி நிக்குமாய்யா?"

"நல்ல கேள்வி. மனுவா எழுதிக் குடு."

"நீயே எழுதி நீயே வச்சுக்க!" என்று சொல்லிவிட்டு, பாறைமேல் ஏறிக் கூவினாள்.

பள்ளத்தூர் முழுக்கக் கேட்டது. சட்டத்துக்குப் பயந்த ஊர். மொத்த ஊரும் காதைப் பொத்திக்கொண்டது. பொம்மியின் இரண்டு கையிலும் பிள்ளை இருந்தது. பொத்த முடியவில்லை. பிள்ளையோடு மேடேறினாள்.

சட்டத்தை மதித்து மூழ்கியவர்களுக்கு அரசர் உருக்கமான இரங்கல் தெரிவித்தார்.

காத்தாயி சிறைக்குப் போனாள். வழக்கும் சட்டென்று முடிந்தது: கூவலால் பிழைத்தது பிள்ளை, ஆகவே பங்கும் பிள்ளையில்தான். வளர்ந்ததும் அரை வருடம் மேல்மாளிகையில் உழைக்கும், அரை வருடம் கீழ்மாளிகையில். மாளிகைகள் கட்டித் தழுவிக்கொண்டன. போட்டி ஒழிந்தது, ஒற்றுமை மலர்ந்தது என்று அமைச்சர் கண் கலங்கினார்.

பிள்ளையைப் பதிவு செய்ய அதிகாரி பொம்மியிடம் வந்தார்.

"பேரு என்னம்மா?"

"இன்னும் வைக்கலைங்க."

"வைக்காத. வச்சா கூப்பிடுவ. அதுக்குத் தனி அனுமதி வாங்கணும்."